பீடத்தில் ஏறிய கார்

எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் எலுமிச்சம்பழம் உருண்டு காருக்கு அடியில் போய்விட்டால், என் மனைவி குனிந்து பார்க்கவே மாட்டாள். கோழி போய்ப் பதுங்கினாலும் அப்படித்தான். நீளக் கம்பு ஒன்றை எடுத்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, கம்பாலேயே துழாவுவாள். பழம் வந்தால் வந்தது. வராவிட்டால், "கெடக்கட்டும், காரு வெளிய போவும்போ எடுத்துக்கலாம்" என்று போய்விடுவாள். கல்யாணமான புதிதில் இது என்ன வழக்கம் என்று எனக்கு விளங்கவில்லை. பிறகு அவள் அண்ணன்தான் சொன்னார்.

என் மாமனார் வேன் ஓட்டியவர். ஒரு மழைக்காலத்தில், முற்றத்து மண்ணில் ஜாக்கி வைத்து வேனைத் தூக்கிவிட்டு, அடியில் படுத்து ஏதோ போல்ட்டை முறுக்கிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்த இவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குனிந்து அவர் முகத்தைப் பார்த்துக் கதை பேசிக்கொண்டிருந்தாளாம். ஈர மண்ணில் ஜாக்கி சாய்ந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வேன் இறங்கியது.

அக்கம்பக்கத்தார் ஓடி வந்து தூக்கினார்கள். கர்த்தர் கிருபையால் மாமாவின் உயிர் தப்பியது. ஆனால் நெஞ்செலும்பு உடைந்து கூடியதோடு மூச்சும் குறைந்துபோயிற்று. ஆலயத்தில் பாட்டுக்கு முதல் குரல் எடுப்பவர் அவர்தான். அதற்குப் பிறகு நீட்டிப் பாட வேண்டிய இடம் வந்தால் பாதியில் நிறுத்திவிட்டுத் தலை குனிந்து நிற்பார். மற்றவர்கள் முடிக்கும்வரை காத்திருந்து அடுத்த வரியில் சேர்ந்துகொள்வார். நான் அந்த வீட்டு மருமகனாகப் போனபோதும் அப்படித்தான் பாடினார். இவள் பெண்கள் பக்கத்தில் இருந்தபடி, அந்த நீட்டல் வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வாள்.

எனக்கோ பிழைப்பே காருக்கு அடியில்தான். பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். வளைகுடாவில் ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் பல வருஷம் வேலை பார்த்தேன். அங்கே பொத்தானை அமுக்கினால் கார் தலைக்கு மேலே போய் நிற்கும். நின்றபடியே வேலை முடிந்துவிடும். அண்ணாந்து அண்ணாந்து எத்தனையோ பேருடைய கார்களின் வயிற்றைப் பார்த்திருக்கிறேன். ஊருக்குப் போய் நமக்கென்று ஒரு கார் வாங்கி, அதன் அடியில் படுக்க வேண்டும் என்பது அந்த நாட்களில் எனக்கு ஒரு கனவாகவே இருந்தது. கேட்பவர்கள் சிரிப்பார்கள். காரில் உட்கார ஆசைப்படுகிறவனைப் பார்த்திருக்கிறோம், அடியில் படுக்க ஆசைப்படுகிறவனைப் பார்த்ததில்லை என்பார்கள்.

அந்தப்படியே திரும்பி வந்து, கல் வேலைக்குப் பேர்போன மயிலாடிப் பக்கம் எங்கள் வீட்டில் ஒரு ஷெட் போட்டு, வெள்ளை நிறத்தில் ஒரு பழைய கார் வாங்கினேன். கடல் எங்களுக்குத் தூரமில்லை. காற்றில் வரும் உப்பு காரின் மேற்பக்கத்தை ஒன்றும் செய்யாது. கண்ணுக்குத் தெரியாத அடித்தகட்டைத்தான் அரிக்கும். மழைக்கு முன் துருவைச் சுரண்டிக் கறுப்புப் பூச்சு அடிக்காவிட்டால் நாலைந்து வருஷத்தில் ஓட்டை விழுந்துவிடும். எண்ணெய் மாற்றுவதையும் நானே செய்யலாம். இதற்கெல்லாம் அடியில் போக வேண்டும். எங்கள் வீட்டில் லிப்ட் ஏது?

ஜாக்கியைக் கையில் எடுத்த அன்றே மனைவி வாசலில் வந்து நின்றுவிட்டாள்.

"என்ன செய்யுதிய?"

"ஜெபம் பண்ணிட்டுத்தான் போறேன். பயப்படாத."

"எங்கப்பாவும் ஜெபம் பண்ணாத ஆளு இல்ல. அத கீழ வையுங்க. காரு அசையாம நிக்குததுக்கு ஒரு வழி பண்ணுங்க. நான் பாத்து, செரின்னு சொன்ன பொறவு அடியில போங்க. இல்லேன்னா இந்தக் காரே நமக்கு வேண்டாம்."

நியாயமான பேச்சு. ஜாக்கியைக் கீழே வைத்தேன்.

ஷெட் கட்டியதில் மிஞ்சிய சிமெண்டுக் கற்கள் கிடந்தன. உள்ளே பொந்து வைத்த கல். அதை அடுக்கி மேலே பலகை போடலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது மச்சான் வந்தார். இவளுடைய அண்ணன். கல் வேலைக்காரர். சாமி சிலைக்குப் பீடம், வாசல்படி, கல்லறைச் சிலுவை என்று எது சொன்னாலும் கொத்திக் கொடுப்பார். ஆள் நல்ல பருமன். சத்தமும் பெரிது. சிமெண்டுக் கல்லில் ஒன்றைத் தரையில் வைத்து, சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். பப்படம் மாதிரி நொறுங்கியது.

"மாப்ளே, இதுக்கு மேலயா காரை ஏத்தப் போறீரு? எனக்கு இருக்குகது ஒரே ஒரு தங்கச்சியாக்கும்."

"பின்ன என்ன செய்ய மச்சான்?"

"மயிலாடில இருந்துக்கிட்டு சிமெண்டக் கட்டி அழுவுதீரே, வெளிய சொன்னா வெக்கக்கேடு. நான் கருங்கல்லுல செஞ்சு தாறேன். சாமியே அசையாம நிக்குக கல்லு. ஒம்ம காரு நிக்காதா?"

இதில் தப்பு இருக்கும் என்று எங்கள் ஊரில் யாருக்கும் தோன்றாது. எங்களுக்கு எல்லாமே கல்தான். துணி துவைப்பதும், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதும், மாலையில் உட்கார்ந்து பேசுவதும் எல்லாம் ஏதாவது ஒரு கருங்கல்லில்தான். கல் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்பதில்லை. இவளுக்கும் முகம் தெளிந்தது. "அண்ணன் செய்தா செரியாத்தான் இருக்கும்" என்றாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, சின்ன வண்டியில் வந்த இரண்டு கருங்கற்களை நாலு பேர் சேர்ந்து இறக்கினார்கள். சக்கரம் ஏறி வர ஒரு சரிவு, மேலே நிற்க ஒரு சமதளம், அதற்கு அப்பால் போய்விடாமல் முனையில் ஒரு வரம்பு. இரண்டும் ஒரே அச்சு. இதைக் கடைகளில் ரேம்ப் என்பார்கள். ஆனால் இந்த மாதிரி ரேம்ப் உலகத்தில் வேறு யாரிடமும் இருந்திருக்காது. எமரிக் கல்லால் தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கிற மாதிரி மினுக்கியிருந்தார். அடிப்பக்கத்தைக்கூட விடவில்லை. பக்கவாட்டில் சுற்றிவரத் தாமரை இதழ் கொத்தியிருந்தார்.

என் மனைவி இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள். "கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. காரு ஏறுக கல்லுக்கு எதுக்குண்ணே தாமரை?"

"கை சும்மா இருக்க மாட்டேங்கு மக்கா. பீடம்னா பூ வேணும்."

"ஞாயித்துக்கிழம சர்ச்சுக்குப் போற காரு. தாமரையில கொண்டு நிறுத்துனா போதகர் ஐயருக்கு என்ன பதில் சொல்லுவ?"

"ஐயரு காருக்கு அடியிலயா வந்து பாப்பாரு?"

சிரித்துக்கொண்டே எல்லாம் செய்தோம். அன்று லேசாகச் சாரல். சக்கரம் நனைந்திருந்தது. ஷெட்டின் தரை வழவழப்பான சிமெண்டு. கற்களை முன்சக்கரங்களுக்கு நேராக வைத்தோம். நான் ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்தேன். மச்சான் முன்னால், சுவர்ப் பக்கமாக நின்று கை காட்டத் தொடங்கினார்.

"அண்ணே, முன்னால நிக்காத" என்றாள் இவள்.

"நிக்காம எப்பிடிட்டி பாக்கது?"

"பக்கத்துல நின்னு பாரு. முன்னால நிக்காதன்னு சொல்லுதேம்லா!"

அந்தக் குரலில் என்னவோ இருந்தது. மச்சான் முனகிக்கொண்டே நகர்ந்து அவள் பக்கம் வந்தார்.

காரை மெல்ல ஏற்றினேன். அழகாக ஏறியது. மேலே போய் முனை வரம்பில் சக்கரம் முட்டியது. முட்டிய வேகத்தில் கற்கள் இரண்டும் தரையில் அப்படியே வழுக்கின. அம்மியை இழுத்த மாதிரி ஒரு சத்தம். வலதுபக்கக் கல் போய்ச் சுவரில் இடித்தது. மச்சான் முதலில் நின்ற அதே இடம். இடதுபக்கக் கல் சுழன்று திரும்ப, சக்கரம் நழுவி, காரின் வயிறு 'டம்' என்று கல்லின் மேல் வந்து உட்கார்ந்தது.

நான் கதவைத் திறந்து இறங்கினேன். யாருக்கும் ஒன்றுமில்லை. சுவரில் சிமெண்டு பெயர்ந்திருந்தது. மச்சான் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இவள் சமையலறைப் படியில் போய் உட்கார்ந்துவிட்டாள். வெகுநேரம் கழித்து, "இனி இந்த வீட்டுல ஒருத்தரும் காருக்கு அடியில போவ வேண்டாம். என்னால ஏலாது" என்று மட்டும் சொன்னாள்.

அதற்கப்புறம் கார் ஒர்க்‌ஷாப்புக்குப் போய் வந்தது. அவர்களும் நன்றாகத்தான் செய்தார்கள். ஆனால் என் சனிக்கிழமைகள் வெறும் சனிக்கிழமைகளாகிவிட்டன. ஸ்பானர் பெட்டியைத் திறந்து துடைத்து, திரும்ப மூடி வைப்பேன். மச்சானும் வரவில்லை. ஆலயத்தில் பார்த்தால் தலையசைப்போடு நகர்ந்துவிடுவார். தாமரைக் கற்கள் இரண்டும் ஷெட்டுக்கு வெளியே கிடந்து, மழையில் நனைந்து நனைந்து இன்னும் மினுங்கின.

அறுப்பின் பண்டிகையன்று, ஆலயத்தில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுகிற அசனப் பந்தியில் மச்சான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இலையில் சோறு விழுந்தபிறகும் கை வைக்கவில்லை.

"மாப்ளே, நான் யோசிச்சுப் பாத்தேன். பீடத்துல சாமிய மேல இருந்து எறக்கி வைப்போம். வச்ச பொறவு அது பாட்டுக்கு நிக்கும். காரு அப்பிடி இல்ல. பக்கத்துல இருந்து தள்ளிக்கிட்டுல்லா ஏறுது? இத்தன வருசமா பீடம் கொத்துகேன், தள்ளுகத நான் நெனைக்கவே இல்ல."

"போட்டும் மச்சான். சாப்பிடும்."

"அவ மட்டும் சத்தம் போடலேன்னா..." என்று நிறுத்தினார். பிறகு சோற்றைப் பிசைந்தார். "அவளுக்கு நான் ஒண்ணு செஞ்சு குடுக்கணும். பயம் போவணும் அவளுக்கு. அப்பாவுக்கு அப்பிடி ஆச்சுன்னு சாவுக வரைக்குமா பயந்துட்டுக் கெடக்கது?"

அடுத்த வாரம் மூன்று பேரும் அதே காரில் சுசீந்திரம் வழியாக நாகர்கோவிலுக்குப் போனோம். வழி நெடுக இரண்டு பக்கமும் வயல். இவள் முன்னால் உட்கார்ந்து வந்தாள். வருவதற்குச் சம்மதித்ததே பெரிது. "பாக்கத்தான் வாறேன். வாங்குகதுக்குன்னு நெனைக்காதிய" என்று சொல்லித்தான் ஏறினாள். ஆனால் எங்கள் கார் டயரின் அகலத்தை ஒரு நூலில் அளந்து, முடிச்சுப் போட்டு, முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தாள். அதைக் கடையில் அவிழ்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

வண்டிச் சாமான்கள் விற்கிற கடை. கடைக்காரர் நடுத்தர வயது பாய். இரும்பில் மூன்று நான்கு மாதிரி ரேம்ப் எடுத்துப் போட்டார். முதலாவதின் மேல் இவள் நூலை வைத்தாள். டயரும் ரேம்பும் ஒரே அகலம்.

"இது வேண்டாம். ஒரு விரக்கடை வெலகினா சக்கரம் வெளிய போயிரும். ரெண்டு பக்கமும் எடம் மிச்சம் வேணும்."

இரண்டாவது அகலம்தான். ஆனால் செங்குத்து. எங்கள் கார் தாழ்ந்த கார். சக்கரம் ஏறுவதற்கு முன்னாலேயே பம்பர் போய் இடிக்கும் என்று நான் சொன்னேன். மூன்றாவதை மச்சான் விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார். கல்லைத் தட்டி ஓசை பார்க்கிற வழக்கம் அவருக்கு எங்கே போனாலும் போகாது. கடைக்காரர் சிரித்தார்.

"அண்ணாச்சி, இதென்ன மிருதங்கமா?"

"ஒரு காலு கலகலங்குது பாரும், பாய். வெல்டு பிடிக்கல."

கடைக்காரர் காதை வைத்துக் கேட்டுவிட்டு, அதைத் தனியே ஓரமாக வைத்தார். நாலாவது, நீளச் சரிவு. தடித்த இரும்பு. முனையில் உயரமான தடுப்பு. பரப்பெல்லாம் சொரசொரவென்று ஓட்டை போட்டது. கால்களில் ரப்பர். எவ்வளவு எடை தாங்கும் என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தது.

"இது ஒண்ணுக்கா, சோடிக்கா?" என்று கேட்டாள் இவள்.

"என்னது?"

"இந்த எடை. ஒத்தையா தாங்குமா, ரெண்டும் சேந்தா?"

கடைக்காரருக்குத் தெரியவில்லை. எனக்கும் அப்படிக் கேட்கத் தோன்றவில்லை. அவர் யாருக்கோ போன் போட்டுக் கேட்டு, "சோடிக்குத்தான்மா. ஆனா ஒங்க காரோட மொத்த எடைக்கும் மேலேயே இருக்கு. அதுல முன்பாதிதான இதுல ஏறும்?" என்றார். இவள் என்னைப் பார்த்தாள். நான் கணக்குப் பண்ணித் தலையசைத்தேன்.

அப்புறம் அவள் கேட்டதுதான் இன்னும் என் காதில் இருக்கிறது.

"பாய், இதுக்கு அடியில நீங்க படுப்பியளா?"

"எனக்குக் காரு இல்லம்மா. ஸ்கூட்டர்தான்."

"இருந்தா?"

அவர் சிரிப்பதை நிறுத்தினார். ரேம்பை இன்னொரு தடவை புரட்டிப் பார்த்தார். "தரை மட்டமா இருக்கணும். பின்சக்கரம் உருளாம கல்லு அண்டை கொடுக்கணும். ஏத்தி நிறுத்தி, ஆளு அடியில போறதுக்கு முன்னால காரை நல்லா ஆட்டிப் பாக்கணும். அம்புட்டும் செஞ்சா, அல்லா மேல பாரத்தப் போட்டு நான் படுப்பேன்."

"அப்ப எடுத்து வையுங்க" என்றாள்.

மச்சான் சும்மா இருக்கவில்லை. இரண்டையும் தரையில் போட்டு, ஒன்றில் அவர் ஏறி நின்று, மற்றதில் எங்கள் இரண்டு பேரையும் நிற்கச் சொன்னார். கடைக்கு வந்தவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். "மூணு பேரு சேந்தா காராவுமா?" என்று கடைக்காரர் கேட்டார். "எங்கண்ணன் ஒருத்தன் போதும்" என்றாள் இவள். கல் வழுக்கிய அந்த நாளுக்குப் பிறகு அவள் அண்ணனைக் கேலி செய்தது அன்றைக்குத்தான்.

அடுத்த சனிக்கிழமை மச்சான் உளியோடு வந்தார். ரேம்ப் நிற்க வேண்டிய இடத்தைக் கரியால் கோடிழுத்து, அம்மி கொத்துகிற மாதிரி என் ஷெட்டின் வழவழப்பான தரையைப் புள்ளி புள்ளியாகக் கொத்திவிட்டார். "இனி வழுக்கட்டும், பாப்போம்." பிறகு வெளியே கிடந்த தாமரைக் கற்களை எடுத்தார். அந்த மினுக்கத்தையெல்லாம் உளியால் அடித்துச் சொரசொரப்பாக்கி, பிளந்து, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் அண்டை கொடுக்கிற நாலு கற்களாக ஆக்கினார். வாரக்கணக்கில் தேய்த்ததை அவரே தட்டிக் கெடுத்தார். பார்க்க எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது. தாமரை இதழை மட்டும் பக்கத்தில் விட்டுவைத்தார்.

காரை ஏற்றினேன். முனையில் முட்டியது. ரேம்ப் அசையவில்லை. கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, கற்களைச் சக்கரத்தோடு ஒட்டித் தட்டி வைத்தோம். மச்சான் காரின் பக்கவாட்டில் தோளைக் கொடுத்து ஆட்டினார். இவளும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து ஆட்டினாள். காரின் உடம்பு அதன் ஸ்பிரிங்கில் ஆடியதே தவிர, சக்கரம் நின்ற இடத்திலேயே நின்றது. நான் கண்ணை மூடி ஜெபித்தேன்.

"ஆமென் சொல்லியாச்சுல்லா? இப்ப ஹேண்ட் பிரேக்க இன்னொரு தடவ பாத்துட்டுப் போங்க" என்றாள்.

பிளாஸ்டிக் பாயை விரித்து உள்ளே போனேன். தலைக்கு மேலே என் சொந்தக் காரின் வயிறு. துருவும் எண்ணெயும் உப்பும் கலந்த அந்த வாசனை! வளைகுடாவில் இருந்தபோது நினைத்துக்கொண்டது அத்தனையும் அந்த ஒரு நிமிஷத்தில் கிடைத்தது. இவள் ஷெட்டின் வாசலில் ஸ்டூலைப் போட்டு, காருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பயற்றங்காய் உடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் போகவும் மனமில்லை, பார்க்கவும் முடியவில்லை. மச்சான் சாயா குடிக்கப் போயிருந்தார்.

துருவைச் சுரண்டியபடியே, மறுநாள் ஆலயத்தில் பாட வேண்டிய பாட்டை முனகிக்கொண்டிருந்தேன். மாமா பாடுகிற அதே பாட்டு. நீட்டல் வருகிற இடம் வந்தது. அப்போது பார்த்து ஒரு போல்ட் இறுகியிருக்க, இரண்டு கையும் வேண்டியிருந்தது. டார்ச்சை வாயில் கவ்வினேன். பாட்டு பாதியில் அறுந்தது.

வெளியே பயறுக் கிண்ணம் விழுகிற சத்தம். ஓடி வருகிற கால் தெரிந்தது. அடுத்த கணம் அவள் முழங்கால் போட்டு, தலையைத் தரையோடு சாய்த்து, காருக்கு அடியில் என் முகத்தைப் பார்த்தாள்.

"ஏன் நிறுத்துனிய?"

வாயில் டார்ச். என்னால் பேச முடியவில்லை. கண்ணை மட்டும் சிமிட்டினேன். டார்ச் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. மேலே நின்ற காரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அங்கேயே சற்று நேரம் அப்படிக் கிடந்தாள்.

"உள்ள இவ்வளவு எடம் இருக்கா?" என்றாள் கடைசியில். "எப்பமும் நல்ல நெருக்கமா இருக்கும்னுல்லா நெனச்சேன்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது ஒரு சட்டம். அடியில் இருக்கும்வரை நான் பாட வேண்டும். மச்சான் வந்தால் வெளியிலிருந்து தப்புத் தாளம் போடுவார். எத்தனை சனிக்கிழமைகள் அப்படிப் போயின! இவள் சாயா கொண்டுவந்து, குனிந்தே என் கைக்கு எட்டும்படி வைப்பாள். கோழி உள்ளே போனால், பெயர் சொல்லாத குறையாக அதைத் திட்டி, கையாலேயே இழுத்து எடுப்பாள்.

மச்சான் இப்போது கர்த்தருக்குள் நித்திரையாகிவிட்டார். ஆலயத்துக்குப் பின்னால், மாமாவுக்குப் பக்கத்தில் அடக்கம். கார் மட்டும் இன்னும் இருக்கிறது. இப்போது ஓடுகிற கார்களைப் பார்க்கும்போது எங்களுடையது கிழவிதான். ஆனாலும் போன மாதம்கூட மழைக்கு முன்னால் ரேம்பில் ஏற்றினேன். ஏற்றுவதற்கு முன் ரேம்பின் வெல்டையும் ரப்பரையும் தடவிப் பார்த்தேன். பின்சக்கரங்களுக்கு மச்சானின் கற்களைத் தட்டி வைத்தேன். விரலில் தாமரை இதழ் பட்டது. எப்போதும் அந்த இடத்தில் கொஞ்சம் நின்றுவிடுவேன். இவள் தோளைக் கொடுத்து ஆட்டினாள். "செரி, போங்க" என்றாள்.

முன்போல இப்போது எனக்கும் மூச்சு இல்லை. நீட்டல் வருகிற இடத்தில் இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. வெளியே ஸ்டூல் நகர்கிற சத்தம் கேட்டது. குனியப் போகிறாள் என்று நினைத்தேன். குனியவில்லை. நான் விட்ட இடத்திலிருந்து அந்த நீட்டலை அவள் எடுத்து, கடைசிவரை கொண்டுபோய் முடித்தாள். மாமா பாட முடியாமல் போன அந்தக் கடைசிவரை.

நான் சுரண்டுவதை நிறுத்தியிருந்தேன்.

"வேலை முடிஞ்சுதா?" என்றாள்.

"இல்ல. இன்னும் பாதி கெடக்கு."

"அப்ப முதல்லயிருந்து பாடுங்க."